சௌந்தர்யாவின் பாடத்தில் யாரும் குறை சொல்லவில்லை

வளையப்பட்டி,
நாமக்கல்.
கார்த்திகை, திங்கள்கிழமை.

அன்பு மகள் யுவஸ்ரீக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் அண்ணன் தமிழரசுவும் சௌந்தர்யாவும் பேத்தி அறிவுமதியும் சுகம், கோழிகளும் சுகம், முட்டை விலைக்கு மட்டும் உடம்பு சரியில்லை, நேற்று எழுந்து நடந்தது இன்று மறுபடி படுத்துக்கொண்டது. டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது, வெறுங்காலோடு வீட்டுக்குள் நடக்காதே. போனில் பேசாமல் இந்த மனுசன் ஏன் காகிதத்தை எடுத்தார் என்று யோசிப்பாய். போன் வந்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் நடுவில் வைத்துவிடுகிறாள், சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்கள் ஆளுக்கொரு தரம் நல்லாருக்கியா சாமி, சாப்டியா சாமி என்று கேட்டு முடிப்பதற்குள் உனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிடுகிறது. அத்தனை பேர் நடுவில் உண்மையான பேச்சு ஒன்றும் பேச முடியாது. அதனால் எழுதி, போட்டோ பிடித்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன், ஃபேமிலி குரூப்பில் போட்டுத் தொலைத்துவிடாதே.

விஷயம் உன் அண்ணியைப் பற்றியது. உன்னைப் போலவே ஆன்லைன் பாடம் தயாரிக்கிற வேலைக்குப் போக வேண்டும், அதையும் வீட்டிலிருந்தே செய்ய வேண்டும் என்பது சௌந்தர்யாவின் ஆசை, கிளப்பிவிட்டவளே நீதான். கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த பெண் கல்யாணமான நாளிலிருந்து தீவன மூட்டையும் டிபன் பாக்ஸுமாகக் கிடந்தாள், அறிவுமதி எல்கேஜிக்குப் போனதும் இதைக் கேட்டாள், இந்த வீட்டுக்கு வந்து தனக்கென்று அவள் கேட்டது இது ஒன்றுதான். உன் அம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, தை பொறக்கட்டும் கண்ணு, அதுக்குள்ள வேலை கெடைச்சாச் செய்யி, இல்லீனா பண்ணையைப் பாத்துக்க என்று கெடு வைத்துவிட்டாள். கோர்ட்டில் வைக்கிற கெடுவாவது வாய்தா வாங்கித் தள்ளிப்போடலாம், உன் அம்மாவிடம் அந்த வசதி இல்லை. இதற்கிடையில் அது என்ன வேலை என்று ஊருக்கு விளக்குவதே எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. உன் சித்தப்பன் கந்தன், டீச்சர் வேலையாண்ணா என்று கேட்டான். இல்லையப்பா, பாடத்தை எந்த வரிசையில், எப்படிச் சொன்னால் ஏறும் என்று அமைத்துக் கொடுக்கிற வேலை என்றேன். அப்ப டீச்சருக்கே டீச்சருங்களா என்றான். ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன், இப்போது ஊரெல்லாம் நம் வீட்டில் தலைமையாசிரியை தயாராகிறாள் என்று பேச்சு.

வெறுமனே படித்தால் பத்தாது அண்ணி, போட்டிகளில் கலந்துகொண்டால்தான் கை பழகும் என்று நீ அவளுக்குச் சொன்னாய். இன்டர்நெட்டில் யாரோ நடத்துகிறார்கள், மாதாமாதம் ஒரு தலைப்பு, அதற்கு ஒரு சின்னப் பாடம் செய்து அனுப்ப வேண்டும், முகம் தெரியாத நடுவர்கள் பார்த்து மார்க் போட்டுக் குறிப்பும் எழுதுவார்கள். போட்டி என்றதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, நம் ஊரில் போட்டிக்கா பஞ்சம். ஒருத்தன் காதுகுத்துக்குக் கிடா வெட்டினால் அடுத்தவன் கிடாவும் வெட்டி ஐஸ்கிரீம் வண்டியையும் கொண்டுவந்து நிறுத்துகிறான். அறிவுமதியின் பள்ளிக்கூடத்தில் யாரும் மனம் நோகக் கூடாதென்று எல்லாப் பிள்ளைக்கும் கப் கொடுக்கிறார்கள், இவள் வரிசையில் அழாமல் நின்றதற்கு ஒன்று வாங்கி வந்தாள், டிவி பக்கத்தில் இடமில்லாமல் ஃபிரிட்ஜ் மேல் ஏறி நிற்கிறது. சௌந்தர்யாவும் அப்படி ஒன்று கொண்டுவருவாள், உன் அம்மா துடைத்து வைப்பாள், அதோடு முடியும் என்றிருந்தேன்.

முதல் போட்டிக்குத் தலைப்பு, வேலைக்குப் புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் பாடம். இவள் நம் பண்ணையையே எடுத்துக்கொண்டாள். கொட்டகைக்குள் போகுமுன் செருப்பை மாற்ற வேண்டும், வாசலில் இருக்கிற மருந்துத் தண்ணீரில் காலை நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியிலிருக்கிற நோயை நாமே உள்ளே கூட்டிக்கொண்டு போனமாதிரி. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆனால் பாடம் பிள்ளையாரில் ஆரம்பித்தது, பிறகு குலதெய்வம், பிறகு சால்வை போட்டபடி நான், பிறகு உன் அம்மா, தமிழரசு, அவள் பிறந்த வீட்டார், கந்தன் குடும்பத்தார், தீவன மில்காரர், கால்நடை டாக்டர், மற்றும் உற்றார் உறவினர். கல்யாணப் பத்திரிகையில் ஒரு பேர் விட்டுப்போனால் எத்தனை வருசம் பேச்சுவார்த்தை நின்றுபோகும் என்று தெரிந்த பெண், பாடத்தையும் அதே பயத்தோடு செய்திருக்கிறாள். மருந்துத் தண்ணீர் வருவதற்குள் என் காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. டிவியில் போட்டுப் பார்த்த எல்லோரும் அருமைங்க, ரொம்ப அருமைங்க என்றார்கள், நானும்தான். நீயும் நெருப்புப் படம் போட்டு சூப்பர் அண்ணி, கலக்கிட்டீங்க என்று அனுப்பியிருந்தாய். போட்டியில் கடைசிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பாடம் எப்போது தொடங்கும் என்று ஒரு நடுவர் கேட்டிருந்தார். சால்வை அணிந்த இந்தப் பெரியவரைக் கொண்டு கற்பவர் என்ன செய்ய வேண்டும் என்று இன்னொருவர் கேட்டிருந்தார், அதற்கு எனக்கே இன்னும் பதில் தெரியவில்லை.

அன்றைக்குச் சமையலறையில் வெங்காயம் நறுக்குகிற சாக்கில் அழுதாள், அரை மூட்டை வெங்காயம் வீணானது. அடுத்த நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாப் பேரையும் எடுத்துப்போட்டாள். கந்தன் வந்து, எம்பேரை எடுத்துப்போட்டீங்களாமா என்று கேட்டுவிட்டுக் காபி குடிக்காமல் போனான், என் படமே போய்விட்டதப்பா என்று அவனைச் சமாதானம் செய்தேன். தலைப்பு வேறானாலும் இரண்டாவது போட்டிக்கும் அதே கொட்டகையைத்தான் வைத்துக்கொண்டாள், பாடம் நன்றாகத்தான் ஓடியது, கடைசியில் கேள்விகள் வைத்திருந்தாள். ஆனால் யார் தப்பாகப் பதில் சொன்னாலும், பரவாயில்லைங்க, நல்ல முயற்சிங்க என்று சொல்லி அடுத்த கேள்விக்கு அனுப்பிவிடும், முடிவில் பூப்போட்ட சான்றிதழும் வரும். வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து நீங்கள் சொல்வது தப்பு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நடுவர் எழுதினார், எல்லாக் கேள்விக்கும் தவறாகப் பதில் சொல்லிப் பார்த்தேன், எனக்கும் சான்றிதழ் தந்தீர்கள், நாளைக் காலை நான் உங்கள் கொட்டகைக்குள் வரலாமா என்று. அந்த ஒரு வரியை அவள் ஒரு வாரம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரிந்தாள்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நம் பக்கத்து மனுசர்கள் யாராவது யார் முகத்துக்கு நேராகவாவது நன்றாக இல்லை என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா. உப்பில்லாத ரசத்தை இன்னொரு கரண்டி வாங்கிக் குடித்துவிட்டு, நல்லாருக்குதுங்க என்போம். பெண் பிடிக்காவிட்டால் ஜாதகம் பாத்துட்டுச் சொல்றோமுங்க என்று எழுந்து வருவோம், அந்த ஜாதகத்தை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் திருச்செங்கோடு வரைக்கும் இருக்கிறார்கள். இப்படி ஊரே கூடிப் பாராட்டினால் ஒரு பெண் எங்கே போய்த் தேறுவாள். போட்டி நடத்துகிறவனுக்கு நாளைக்கு நம் வீட்டு விசேஷத்துக்கு வர வேண்டியதில்லை, மொய் எழுத வேண்டியதில்லை, அதனால் உள்ளதைச் சொல்கிறான். கெடு நாளும் உண்டு, மற்றவர்கள் செய்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் விடுகிறான். நாங்கள் சொன்ன அருமைகளில் அவள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை, போட்டியைக் கேலி செய்த என் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது போட்டிக்கு அவள் செய்ததைப் பார்த்திருக்கிறாய். காலை நனைக்காமல் உள்ளே போவதா, நனைத்துப் போவதா என்று கேட்கும், நனைக்காமல் போனால் திட்டாது, மறுநாள் காலையைக் காட்டும், கோழிகள் தும்முகின்றன, அதற்கு மறுநாள் கால் நீட்டிக் கிடக்கின்றன. உன் அம்மா பார்த்துவிட்டுக் கொதித்துப்போனாள், கோழி சாகறதைப் படம் போட்டா ஊடு வெளங்குமா என்றாள். பண்ணைக்காரர் வீட்டில் இது சின்னப் பேச்சில்லை. தமிழரசு முட்டை வண்டி வந்துவிட்டது என்று வெளியே போய்விட்டான், எந்த வண்டியும் வரவில்லை. சௌந்தர்யா மட்டும் நின்று, படத்துல சாகட்டுமுங்க அத்தை, கொட்டகைல சாகாம இருந்தாப் போதுமுங்க என்றாள். அவள் மாமியாருக்கு எதிர்ப்பேச்சு பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை, அதிலும் இரண்டு ங்க போட்டுத்தான் பேசினாள். உன் அம்மா எழுந்து டிவியை அணைத்தாள். அந்தப் பாடத்துக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. அதைப் பார்த்துக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள், பண்ணைகளுக்கும் மில்களுக்கும் பயிற்சிப் பாடம் செய்து தருகிறவர்களாம். தடுப்பூசி மருந்தைக் குளிர் கெடாமல் எப்படிக் கொண்டுவந்து கையாள வேண்டும் என்று ஒரு சோதனைப் பாடம் கேட்டிருக்கிறார்கள், இந்தச் சனிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும், பிடித்துப்போனால் தை மாதத்திலிருந்து வீட்டிலிருந்தே வேலை. பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது உனக்குத் தெரியும், உன் அம்மாவின் கெடுவும் அதே தைதான்.

பாடத்தைச் செய்து முடித்துவிட்டாள். எனக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னாள், நான் பார்த்துவிட்டுக் குரல் நன்றாக இருக்கிறது கண்ணு என்றேன். சரிங்க மாமா என்றாள், அவள் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாகிவிட்டது. யுவஸ்ரீக்கு அனுப்பினாயா, அவள் இதே தொழிலில் இருக்கிறவளாயிற்றே என்று கேட்டேன். இல்லீங்க மாமா என்றாள். ஏன் என்றேன். அவரைக்காயை உரித்துக்கொண்டே, கோபமும் இல்லாமல் குத்தலும் இல்லாமல் சொன்னாள், யுவஸ்ரீ சூப்பருன்னுதானுங்க மாமா அனுப்பும், எனக்குச் சனிக்கெழமைக்குள்ள தப்பு எங்கீன்னு தெரியோணுமுங்க.

எனக்குச் சுருக்கென்றது அம்மிணி, உனக்காகச் சுருக்கென்றது. அங்கே உன் ஆபீஸில் மற்றவர்கள் செய்த பாடத்தில் குறை கண்டுபிடித்துச் சொல்வதற்கு உனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். என் சால்வைப் படத்தைப் பார்த்ததுமே இது தேறாது என்று உனக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தும் நெருப்புப் படம் அனுப்பினாய். கெட்ட மனசால் இல்லை, நாங்கள் வளர்த்த லட்சணம் அது, உன் அம்மாவும் நானும் அப்படித்தானே பழக்கினோம். ஆனாலும் அயர்லாந்துக்காரனுக்குச் சம்பளத்துக்குச் சொல்கிற குறையை உன் அண்ணிக்குப் பிரியத்துக்காகச் சொல்லக் கூடாதா. பாடத்தின் லிங்கைத் தனியாக அனுப்புகிறேன், நான் அனுப்புவது அவளுக்குத் தெரியாது. உட்கார்ந்து முழுதாகப் பார், எங்கே இழுக்கிறது, எங்கே புரியவில்லை, எதை எடுத்துப்போட வேண்டும் என்று ஒளிக்காமல் அவளுக்கே எழுது. முதலில் இரண்டு வரி பாராட்டிவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று பார்க்காதே, நம் ஆட்கள் அந்த இரண்டு வரியிலேயே நின்றுவிடுவோம். அவள் முகம் வாடினால் நான் பார்த்துக்கொள்கிறேன், இந்த வேலை கைவிட்டுப்போனால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது சாமி.

மலைக்கோட்டை அடிவாரத்து ஆஞ்சநேயர் உங்கள் இருவரையும் நோய்நொடி அண்டாமல் காத்து, நினைத்த காரியமெல்லாம் கூடி வரச் செய்யட்டும். உன் அம்மா கம்பு மாவும் கொள்ளுப்பொடியும் கட்டி வைத்திருக்கிறாள், வருகிறவர் யாராவது இருந்தால் சொல். சனிக்கிழமை இங்கே விடியும்போது உனக்கு நடுராத்திரியாக இருக்கும், அதைக் கணக்கு வைத்து வியாழக்கிழமைக்கே எழுதிவிடு, திருத்துவதற்கு அவளுக்கு ஒரு முழுப் பகலாவது வேண்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா,
மயில்சாமி