தண்ணீர் கேட்டுப் பார்த்த வீடு

அன்புள்ள அம்மாவுக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கோபிக்காதீர்கள். பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

வேலையை ஒப்புக்கொண்டு இங்கே குடிவருவதற்குமுன் ஊரைப் பார்க்க வந்தேன் அல்லவா? இன்று ஒரு மாடி அறை பார்த்தேன். நல்ல வெளிச்சம். வீட்டுக்கார அம்மாள், "தண்ணி நாள் முழுக்கக் கொட்டும்மா, அட்வான்ஸ இப்பவே குடுத்துடு" என்று அவசரப்படுத்தினார். அந்த அவசரம்தான் இடித்தது. அக்காவுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது நீங்கள் செய்ததைப் போலவே, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன். அவர் சொம்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அதற்குள் குழாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

திரும்பி வந்தவர், "பொண்ணா, போலீஸா நீ?" என்றார்.

"எங்கம்மா வளர்ப்புங்க" என்றேன்.

சிரித்துக்கொண்டேதான் இறங்கினேன். ஆனால் இப்படியே சந்தேகப்பட்டு, நல்ல அறையையும் வேலையையும் விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நம் பித்தளைப் பூட்டை அனுப்புங்கள். இங்கே விற்பவற்றை நம்ப முடியவில்லை. தபால் பெட்டியைத் திறக்க வந்துவிடுவார்கள், முடிக்கிறேன்.

அம்மா, பூட்டை நீங்களே கொண்டுவர முடியுமா? அடுத்துப் பார்க்கப்போகும் வீட்டில் நீங்கள் தண்ணீர் கேளுங்கள்.

உங்கள் சின்னவள்