லேசரை அணைத்த பிறகும் பச்சை

ஆகஸ்ட் 12, செவ்வாய். முடிச்சூர்.

இன்று லேபில் லேசரை அணைத்த பிறகும் திரையில் பச்சைப் புள்ளி இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, ஒரு சிப்பில் இருக்கும், தலைமுடியைவிட மெல்லிய சிலிக்கான் தடத்துக்குள் அனுப்புகிறோம். மேலே பூசிய தங்கம் அதை நெருக்கிப் பிடித்தால் அதில் துளியூண்டு பச்சை ஒளியாக மாறி வெளியே வரும். மூன்று வருடமாக என் பிஎச்.டி.க்கு இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் கேமராவில் பச்சை தெரிந்ததும் கைடு சார் எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார்.

அன்றே லேசரை மறைத்து ஒரு வெற்றுப் படம் எடுத்து, பச்சை லேசரால்தான் வருகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். சந்தோஷத்தில் எடுக்கவில்லை.

சிப்பை நகர்த்தும் கருவியில் ஒரு சின்னப் பச்சை பவர் விளக்கு எரியும். அதன் வெளிச்சம்தான் தங்கத்தில் பட்டுத் தெறித்திருக்கிறது. விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். புள்ளி போய்விட்டது. அழுகைகூட வரவில்லை. டிபன் பாக்ஸைக் கழுவி வைத்தேன்.

பெருங்களத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது சார் போன் செய்தார்.

"நம்ம ரிசர்ச் பேப்பர்ல போட இன்னும் ரெண்டு படம் வேணும்மா. நாளைக்கே எடுத்துடறியா?"

"எடுத்துடறேன் சார்."

கிளம்பும்போது அந்த டேப்பை உரித்துவிட்டுத்தான் வந்தேன். அப்போது அவர் போன்கூடப் பண்ணியிருக்கவில்லை. ஏன் உரித்தேன் என்று தெரியவில்லை. இப்போது அது இந்த நோட்டின் பின்னட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.