மீரான் கடை முனை

திண்டுக்கல்,
24-11-1963

அன்புள்ள அத்தானுக்கு,

வள்ளி எழுதிக்கொண்டது. இங்கு நானும் அத்தையும் நலம். தங்கள் நலத்தைத் தீபாவளிக்கு நேரிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதிரசம் டப்பாவிலேயே கிடந்து கல்லாகிவிட்டது.

அத்தைக்கு வலது கையும் காலும் அப்படியேதான். நாக்குக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. நேற்றுக் கஞ்சியில் உப்புக் கூடிவிட்டது. "ஏன்டி, பி.ஏ. கணக்குப் படிச்சவளுக்கு ஒரு கை உப்பு அளக்கத் தெரியலையா?" என்றார்கள்.

ஒரு விஷயம். என்னோடு மதுரையில் கல்லூரியில் படித்த சுந்தரம்மாளை நினைவிருக்கும். நம் கல்யாணத்தில், மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதைப் பார்த்து வாய் பிளந்தவள். இப்போது வத்தலக்குண்டில் பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியை. கணக்குக்கு ஆள் வேண்டுமாம். என் படிப்பே போதும் என்கிறாள். பள்ளிக்குப் பின்னாலேயே வீடும் பார்த்துத் தருவாள். பிப்ரவரி மூன்றாம் தேதி திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு மேல் இடத்தைப் பிடித்துவைக்க முடியாதாம்.

அத்தையை விட்டுவிட்டுப் போக மாட்டேன். கூட்டிக்கொண்டுதான் போவேன். ஆனால் அடுத்த வீட்டு உடையப்பச் சித்தப்பா, "மகன் எழுத்து இல்லாம எங்க மதினிய இந்த வாசப்படி தாண்ட விடமாட்டேன்" என்கிறார். தாங்கள் ஒரு வரி எழுதினால் போதும்: 'அம்மாவை அழைத்துக்கொண்டு வள்ளி வத்தலக்குண்டு போகட்டும்.'

அத்தை படுத்தபோது, ஆறு மாதம் ஊரில் இரு என்று சொல்லி என்னை இங்கே இறக்கிவிட்டுப் போனீர்கள். ஆறு வருஷம் ஆகிறது. எனக்கு நாற்பத்து மூன்று வயது. தெரு என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தையின் கட்டிலுக்கு மேலே இருக்கும் ஜன்னல்தான்.

தங்கள்
வள்ளி


சென்னை,
5-12-1963

அன்பு வள்ளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தீபாவளிக்கு வரமுடியாததற்கு மனத்தாங்கல் வேண்டாம். சோழவரத்துப் பழைய விமானத் தளத்தை ஞாயிறுதோறும் எங்களுக்குப் பழகத் திறந்துவிடுகிறார்கள். பிப்ரவரி இரண்டாம் தேதி போட்டி. கம்பெனியில் புது மோட்டார் சைக்கிள்களை ஓட்டிப் பார்க்கிற எங்கள் எட்டுப் பேரில் எனக்குத்தான் வயது அதிகம். இந்தத் தடவையும் பின்னால் வந்தால் என்னை ஸ்டோரில் உட்காரவைத்துவிடுவார்கள். நட்டும் போல்ட்டும் எண்ணுகிற வேலை. நான் செத்துப்போவேன் வள்ளி.

நேர் ஓட்டத்தில் என்னை யாரும் பிடிக்க முடியாது. ஓடுபாதை முடிகிற இடத்தில் மூன்று தார்ப் பீப்பாய்களை வளைத்து வைத்திருக்கிறார்கள். அவற்றைச் சுற்றித் திரும்ப வேண்டும். முதல் பீப்பாயை உரசினாற்போலத்தான் திரும்புகிறேன். ஆனாலும் பாதித் திருப்பத்தில் வண்டி என்னை வெளியே இழுத்துக்கொண்டு போகிறது. அந்தப் பக்கம் அடுக்கியிருக்கும் வைக்கோல் கட்டுகளில் மோதாமல் இருக்க வேகத்தைக் குறைக்கிறேன். அந்த நேரத்தில் ஆரோக்கியதாஸ் என்று ஒரு சின்னப் பயல் உள்ளே புகுந்து போய்விடுகிறான். நீ கணக்குப் படித்தவள். இது ஏன் என்று சொல்லேன். படம் கீழே.

மற்ற விஷயம் போட்டி முடியட்டும், யோசிப்போம்.

அன்புடன்
பெருமாள்சாமி


திண்டுக்கல்,
12-12-1963

அன்புள்ள அத்தானுக்கு,

படத்தைக் கவராயம் வைத்துப் பார்த்தேன். அதற்கு முன்பே விடை தெரிந்திருந்தது. ஆறு வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜன்னலுக்கு எதிரே மீரான் கடை முனை. புகையிலை வண்டிகள் மூட்டை இறக்க அங்கேதான் கிட்டங்கிச் சந்துக்குள் திரும்பும். சுவரை இடிக்காமலிருக்க மீரான் ஒரு கல் நட்டிருக்கிறார். புதுசாக ஓட்டுகிறவர்கள் கல்லைக் கண்டதும் மாட்டைத் திருப்புவார்கள். கடையாணி கல்லில் இடிக்கும், தப்பினால் வண்டி எதிர்ச் சுவரில் போய் உரசும். பிறகு பின்னால் தள்ளு, முன்னால் தள்ளு என்று ஒரே ரகளை. ஒச்சப்பன் என்று ஒருவர் மட்டும் ஒரு நாளும் இடித்ததில்லை. அவர் கல்லுக்கு எதிர் ஓரமாகவே வருவார். கல்லைத் தாண்டியும் திரும்ப மாட்டார். மறந்துவிட்டார் என்றே நினைப்போம். மாட்டின் மூக்கு எதிர்ச் சுவரைத் தொடப்போகும் சமயத்தில் திருப்புவார். அதற்குப் பிறகு வண்டிக்குச் சந்து நேராகக் கிடக்கும்.

தாங்கள் சீக்கிரம் திரும்புகிறீர்கள். முதல் பீப்பாயை உரசக் கூடாது, மூன்றாவதைத்தான் உரச வேண்டும். வெளி ஓரமாகவே போய், பொறுத்து, பிறகு திரும்புங்கள். இன்னும் இரண்டு. ஒச்சப்பன் கயிற்றை இழுப்பதெல்லாம் திரும்பும் முன்பே, திரும்பும்போது தொடுவதில்லை. பிரேக்கும் அப்படித்தான் இருக்கும். அவர் கல்லைப் பார்ப்பதும் இல்லை, சந்தின் கோடியைப் பார்ப்பார். தாங்கள் பீப்பாயைப் பார்த்தால் வண்டி பீப்பாய்க்குத்தான் போகும்.

தாங்கள் கேட்ட கோட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நான் கேட்ட வரி?

தங்கள்
வள்ளி


சென்னை,
6-1-1964

அன்பு வள்ளிக்கு,

அதிசயம்! முதல் ஞாயிறு நீ சொன்னபடி போய் இரண்டு தடவை விழுந்தேன். முழங்கை தேய்ந்தது, வேறொன்றுமில்லை. திரும்ப வேண்டிய இடம் கண்ணுக்கு அகப்படவில்லை. அடுத்த ஞாயிறு தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். அதுவரை கையை அசைப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். சுற்றுக்கு மூன்று விநாடி மிச்சம் வள்ளி! திருப்பம் முடிகிற இடத்தில் வைக்கோல் கட்டுப் பக்கமே போகவில்லை. ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிக்கொண்டு வெளியே வருகிறேன். ஆரோக்கியதாஸ், "யாருண்ணே சொல்லிக் குடுத்தது?" என்று விடாமல் கேட்டான். ஊரில் ஒரு மாட்டு வண்டிக்காரன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஓடுபாதையின் மறு கோடியில் இருக்கும் இடது பக்கத் திருப்பம் இன்னும் சரியாக வரவில்லை. உடம்பை எவ்வளவு சாய்ப்பது என்று எழுது.

வத்தலக்குண்டு விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டைப் பூட்டினால் சித்தப்பா என்ன சொல்வார்? போட்டி முடிந்ததும் நேரில் வருகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்
பெருமாள்சாமி


திண்டுக்கல்,
19-1-1964

அன்புள்ள அத்தானுக்கு,

பொங்கலும் ஆயிற்று. போட்டி இரண்டாம் தேதி, நான் சேர வேண்டியது மூன்றாம் தேதி. போட்டி முடிந்து என்றால் என்னவென்று எனக்குக் கணக்குத் தெரியும்.

இடது பக்கத் திருப்பத்துக்கும் அதே விதிதான். உடம்பு எவ்வளவு சாய வேண்டும் என்பது ஜன்னல் வழியே தெரிவதில்லை. அது ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும்.

நேற்று மூன்று தடவை தபால்காரர் இந்தத் தெருவைத் தாண்டினார். மூன்று தடவையும் எழுந்து நின்றேன். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு வரி, அத்தான்.

வள்ளி


சென்னை,
4-2-1964

அன்பு வள்ளிக்கு,

ஜெயித்துவிட்டேன்! நாற்பத்தாறு வயதில்! கடைசிச் சுற்றில் ஆரோக்கியதாஸ் எனக்கு முன்னால். அவன் முதல் பீப்பாயிலேயே திரும்பினான். நான் ஒச்சப்பனை நினைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தேன். மூன்றாவது பீப்பாயில் என் முழங்கால் உரசியது. வெளியே வரும்போது அவன் எனக்குப் பின்னால். மேனேஜர் கை குலுக்கினார். ஸ்டோர் பேச்சே இனி இல்லை.

அடுத்தது கல்கத்தா பக்கம், மார்ச் கடைசியில். அந்தத் தளத்தின் படம் இத்துடன் இருக்கிறது. ஏழு திருப்பங்கள். ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டு அனுப்பு. அதனால் இப்போது ஊருக்கு வர முடியாது. இத்தனை நாள் பொறுத்தாய், இன்னும் இரண்டு மாதம். இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்காதா என்ன?

அன்புடன்
பெருமாள்சாமி


வத்தலக்குண்டு,
10-2-1964

அன்புள்ள அத்தானுக்கு,

தங்கள் வெற்றிக்கடிதத்தை மீரான் இந்த விலாசத்துக்குத் திருப்பி அனுப்பினார். மனப்பூர்வமாகச் சந்தோஷப்பட்டேன். அத்தைக்கும் படித்துக் காட்டினேன்.

தங்கள் கடிதங்களை அத்தைக்கு எப்போதும் படித்துக் காட்டுவேன், என் வேலையைப் பற்றி வரும் இடங்களை மட்டும் விட்டுவிட்டு. ஜனவரி முப்பதாம் தேதி பழைய கடிதங்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்காவது அந்த வரியை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேனா என்று. அத்தை கேட்டார்கள்:

"அப்பிடி என்னடி தேடுறே? பீப்பா பீப்பாங்கிறானே, அதையா?"

அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதுக்கா தபால்காரனப் பாத்து எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தே? சென்னைக்கு எழுதுனே, இங்கன முழுசாப் படுத்துக் கெடக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? நான் என்ன புகையில மூட்டையா, அவன் சீட்டு எழுதித் தூக்க?"

ஆறு வருஷமாக அவர்களைக் குளிப்பாட்டியிருக்கிறேன், ஊட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. என்னைத் தாங்கள் கேட்காதது போலவே நான் அவர்களைக் கேட்கவில்லை.

இரண்டாம் தேதி விடியற்காலையில் ஒச்சப்பன் வண்டியில் வைக்கோல் பரப்பி, கட்டிலோடு ஏற்றினார். சித்தப்பா வாசலில் வந்து நின்று, "மகன் எழுத்து எங்க?" என்றார்.

"ஏலே உடையப்பா, மகன் எழுத்து இருக்கட்டும், பெத்தவ பேச்சு இருக்குல்ல? செத்த வெலகு. மாடு மிதிச்சிறப் போகுது" என்றார்கள் அத்தை. சித்தப்பா விலகிவிட்டார். இத்தனை நாள் நான் பயந்த மனிதர் அவ்வளவுதான்.

மீரான் கடை முனையில் ஒச்சப்பன் வழக்கம்போலத் தாண்டிக்கொண்டே போனார். வண்டிக்குள் இருந்து பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. எதிர்ச் சுவர் முகத்துக்கு நேரே வருகிறது. அத்தை, "ஏலே, தூங்கிட்டியா?" என்று கத்தினார்கள். அப்போதுதான் திருப்பினார். என் ஜன்னலை வெளியிலிருந்து ஒரு கணம் பார்த்தேன். அது இவ்வளவு சின்னது என்று நான் நினைக்கவில்லை.

பொழுது சாயும்போது வந்து சேர்ந்தோம். மறுநாள் ஒன்பதாம் வகுப்புக்கு வட்டம் நடத்தினேன். காலை இடைவேளை மணிக்கும் மதிய மணிக்கும் ஓடி வந்து அத்தையைப் பார்த்துவிட்டுப் போகிறேன். கஷ்டம்தான். சாயங்காலம் இடுப்பு விட்டுப்போகிறது. வகுப்பில் நான் கேள்வி கேட்டால் நாற்பது கை உயர்கிறது.

தாங்கள் வருவதாக இருந்தால் வாருங்கள். அத்தையும், "வந்தா வரட்டும், பீப்பாயப் பாத்த கண்ணு ஆத்தாளையும் பாக்கட்டும்" என்கிறார்கள். திண்டுக்கல் வீட்டுச் சாவி மீரான் கடையில் இருக்கிறது.

கல்கத்தாப் படத்தை அப்படியே இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்த வீட்டு ஜன்னல் தெருப் பக்கம் இல்லை.

சண்முகவள்ளி