நீங்கள் நடுவானில் நிறுத்திய விமானம்

என் அன்பான என்னங்க,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது மட்டும் பெயர் சொல்லி எழுத எனக்கு எங்கிருந்து தைரியம் வரும்? நல்லா இருக்கீங்களா என்று கேட்கமாட்டேன். அங்கே பிரஷர் மாத்திரையை ஞாபகப்படுத்த ஆள் இல்லை என்கிற கவலைதான் எனக்கு.

இந்தக் கடிதத்தை உங்கள் விமான சிநேகிதர்கள் குழுவில் போடச் சொன்னவள் உங்கள் அண்ணன் மகள் நிலா. அவர்களுக்கு உங்கள் காக்பிட்டைத் தெரியும், உங்கள் குரலைத் தெரியும், என்னைத் தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையும் நடுநடுவே சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள், உயிரோடு இருந்தபோது பொறுக்காததை இப்போதாவது.

ஊர் சேதி முதலில். குறுவை அறுத்தாகிவிட்டது. மெஷின் வயலில் இறங்கிய அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்து, தார்ப்பாயைப் போர்த்தி, எடுத்து, மறுபடி போர்த்தி, என் கை இரண்டும் காய்த்துப்போயின. உங்கள் தலை திவசமும் முடிந்தது. ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல என் காது மட்டும் விதைநெல் ரூமில் ஓடுகிற கம்ப்யூட்டர் ஃபேன் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தது.

ஆமாம், அன்றைக்கும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. நீங்கள் நிறுத்திவைத்த இடத்திலேயே விமானம் நின்றுகொண்டிருந்தது.

சிநேகிதர்களுக்குச் சொல்கிறேன். குடவாசலுக்குப் பக்கத்தில், வயலை ஒட்டின எங்கள் வீட்டில், விதைநெல் மூட்டை போடுகிற ரூமில்தான் இவர் விமானம் கட்டினார். ஏதோ பழைய வேனிலிருந்து கழற்றிய இரண்டு சீட்டு, கும்பகோணம் லேத்தில் கடைந்த கைப்பிடிகள், முன்னால், கம்ப்யூட்டர் ஆகாயத்தைக் காட்டுகிற மூன்று பெரிய திரை. விமானி ஆகவேண்டும் என்று படித்தவர்தான். கண் பரிசோதனையில் சிவப்பும் பச்சையும் பிரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் குடவாசலில் செல்போன் கடை, ஊரில் விவசாயம். நெல் பழுத்துவிட்டதா என்று வரப்பில் நின்று என்னைக் கேட்கிற மனுஷன், சாயங்காலம் ஆனால் ஆகாயத்தில் இருப்பார்.

என்னை வலது சீட்டில் உட்காரவைத்ததும் அந்தக் கண்ணால்தான். ஓடுபாதையின் ஓரத்தில் நாலு விளக்கு வரிசையாக எரியும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான உயரம். எல்லாம் வெள்ளை என்றால் மேலே இருக்கிறோம். எல்லாம் சிவப்பு என்றால் தரை தட்டப்போகிறது. எது வெள்ளை, எது சிவப்பு என்று இவருக்குத் தடுமாறும். "ரெண்டு ரெண்டுங்க", "மூணு சிவப்பு வந்துருச்சு, ஏத்துங்க" என்று சொல்லிக்கொண்டே வருவது என் வேலை. எங்கள் தாம்பத்தியத்தில் நான் சொல்லி இவர் உடனே கேட்ட ஒரே இடம் அதுதான்.

என்னங்க, ஊரில் யார் திருச்சியில் விமானம் ஏறினாலும் நீங்களும் அதே நேரத்தில் கிளம்புவீர்கள். அதே வழி, அதே நேரம், ஒரு நிமிஷத்தைக்கூட வேகமாகத் தள்ளிவிடமாட்டீர்கள். அனுப்பிவைத்த வீட்டார் நம் ரூமில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார்கள். எதிர்வீட்டு சரோஜா அத்தை தன் மகன் மஸ்கட்டுக்குப் போகும்போதெல்லாம் முறுக்கு டப்பாவோடு வந்து, இறங்குகிற நேரத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்வார். நீங்கள் இறக்கியபிறகு அவன் போன் செய்து இறங்கிவிட்டேன் என்றால், "நாங்க அப்பவே வந்துட்டமே" என்று அவனிடம் பெருமை பேசுவார்.

உங்கள் சட்டம் எனக்கு மனப்பாடம். பாதியில் நிறுத்தக்கூடாது. சேவ் பண்ணிவைத்து நாளைக்கு ஓட்டுவது கள்ளாட்டம். ஏறினால் இறங்கித்தான் ஆகவேண்டும். ஒன்றுக்குப் போவதென்றால்கூட, தானாக ஓட்டுகிற ஆட்டோபைலட்டைப் போட்டு, என்னைக் காவல் வைத்துவிட்டு ஓடுவீர்களே தவிர நிறுத்தமாட்டீர்கள்.

நிலா வேலைக்காக சிங்கப்பூர் கிளம்பிய அந்தக் காலையில் மட்டும் நிறுத்தினீர்கள். அந்தமானுக்குத் தெற்கே, சுமத்ரா இன்னும் கண்ணுக்கு எட்டாத கடல். நிறுத்துகிற பட்டனை அமுக்கிவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டு, "தேவகி, ஒரு டீ போடேன், இந்தா வந்துடறேன்" என்றீர்கள். டீ கேட்டதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நிறுத்தியதைப் பார்த்ததும்தான் டீயை மறந்து வண்டிக்கு ஆள் அனுப்பினேன். திருவாரூர் ஆஸ்பத்திரி வாசலைப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நிலாவின் விமானம் பத்திரமாக இறங்கியது. பாவம், அந்தப் பெண் அடுத்த விமானத்தில் ஏறி அழுதுகொண்டே திரும்பி வந்தாள். உங்களுடையது மட்டும் இறங்கவே இல்லை.

உங்களை எடுத்துக்கொண்டு போன பிறகு அந்த ரூமுக்குப் போனேன். மூன்று திரையிலும் வெயில் அடித்தது. கீழே மேகம், அதற்குக் கீழே கடல். அணைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். அணைத்தால் அது என்ன ஆகும்? நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள் என்று என் புத்தி சொல்லவில்லை, ஆனால் கை கேட்கவில்லை. அன்றைக்கு எடுத்த கையை அப்புறம் நீட்டவே முடியவில்லை.

அதோடு நான் மாட்டிக்கொண்டேன். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான். வயலுக்குப் போனாலும் வீட்டு லைட் எரிகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். கார்த்திகையில் புயல் அடித்து ஊரே இருட்டில் கிடந்தபோது, ஷாமியானா கடையிலிருந்து ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துவந்தேன். ஃப்ரிட்ஜுக்கு என்று சொன்னேன். "அப்படி என்னம்மா ஃப்ரிட்ஜுல வச்சிருக்கே?" என்று கடைக்காரர் கேட்டார். மாவு என்றேன்.

வெளியூர் என்று ஒரு இடத்துக்கும் போகவில்லை. என் அக்கா மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. இங்கேயிருந்து திருத்துறைப்பூண்டி என்ன சீமையிலா இருக்கிறது? அதற்கு ஊர் எனக்குக் கொடுத்த பட்டத்தைக் கேளுங்கள். "புருஷன் போனதுலேருந்து படி தாண்டலை பாரு, என்ன அடக்கம்" என்று என் காதுபடவே சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் அடங்கிக் கிடக்கவில்லை, ஒரு மெஷினுக்குக் காவல் கிடக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அடக்கமான பெண் என்ற பட்டம் போய் பைத்தியம் என்ற பட்டம் வரும்.

அந்த ரூமுக்குள் வருஷம் பூராவும் ஒரே காலைவேளைதான். வெளியே சம்பா நட்டு, அறுத்து, கோடை காய்ந்து, ஆற்றில் தண்ணீர் வந்து, குறுவையும் வந்துவிட்டது. உள்ளே போனால் அதே வெயில், அதே மேகம். சில நாள் அது ஆறுதலாக இருந்தது. பல நாள் மூச்சு முட்டியது. உங்கள்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது, சொல்லிவிடுகிறேன். போகிறவர் அணைத்துவிட்டுப் போகக்கூடாதா?

நிலாவிடம் மட்டும் ஒருநாள் போனில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "சேவ் பண்ணிட்டு ஆஃப் பண்ணிடுங்க சித்தி. எப்ப வேணா அதே எடத்துலேருந்து திறந்துக்கலாம்" என்றாள். "உங்க சித்தப்பா ஒத்துக்கமாட்டாருடி" என்றேன். அவளோ, "அப்ப இறக்கிடுங்க" என்றாள். சின்னப் பெண், சுலபமாகச் சொல்லிவிட்டாள். இறக்கத் தெரியாமல் கடலில் விட்டேன் என்றால், செத்த உங்களை நானே இன்னொரு தடவை சாகடித்த மாதிரி ஆகாதா? எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

திவசம் முடிந்த மறுநாள் உங்கள் அண்ணன் வந்தார். "தப்பா நினைக்காத தேவகி. வருஷமும் ஆயிருச்சு. அந்த ரூமை ஒழிச்சுக் குடும்மா, சாக்கெல்லாம் கூடத்துல கெடக்கு" என்றார். அவர் பேரில் தப்பில்லை. மழைக்காலத்தில் நெல்லுக்குத்தான் கூரை வேண்டும். ரெண்டு நாள் பொறுங்க என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றைக்கே அக்கா போன் செய்தாள். கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் செய்து, படுக்கையில் கிடக்கிறாள். மகள் புகுந்த வீட்டில். "ஒரு ராத்திரி வந்து இருந்துட்டுப் போயேன்டி. மாசக்கணக்காவா கேக்குறேன்?" என்றாள். நான் நெல், மழை, ஆள் கிடைக்கவில்லை என்று இழுத்தேன். அவள், "சரி விடு. நீ செத்தவரோடயே குடித்தனம் பண்ணிக்கிட்டு இரு" என்று வைத்துவிட்டாள்.

என்னங்க, அது சுருக்கென்று தைத்தது. அவள் அறியாமல் சொன்னாலும் உண்மையைத்தானே சொன்னாள்?

மறுநாள் மத்தியானம் வேலையெல்லாம் முடித்துவிட்டு சரோஜா அத்தையைக் கூப்பிட்டேன். "அத்தே, அவரு விமானத்தை இறக்கப்போறேன். பின்னாடி சும்மா உக்காருங்க" என்றேன். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார்.

இடது சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஓட்டுகிற கைப்பிடி அந்தப் பக்கம் மட்டும்தானே இருக்கிறது. உட்கார்ந்தால் உங்கள் உடம்பு பதிந்த பள்ளம். கால் பெடலுக்கு எட்டவில்லை, தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு, நீங்கள் அமுக்கிய அதே பட்டனை அமுக்கினேன். வருஷம் பூராவும் வாயை மூடிக்கிடந்த இன்ஜின் சத்தம் போட்டது. மேகம் நகர்ந்தது. அத்தை பின்னாலிருந்து, "கெளம்பிருச்சுடி" என்றார்.

கடல் தாண்டுகிறவரை ஆட்டோபைலட்தான் ஓட்டியது, நான் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி திருச்சிக்கே போய்விடலாமா என்று ஒரு ஆசை வந்தது. போட்ட வழியை மாற்றினால் நீங்கள் திட்டுவீர்கள் என்று விட்டுவிட்டேன். இறங்குகிற நேரம் வந்ததும், இறக்கைத் தகடு, சக்கரம் எல்லாம் இறங்கிவிட்டதா என்று சரிபார்க்க நான் இத்தனை வருஷம் உங்களுக்குப் படித்த செக்லிஸ்ட்டை வாய்விட்டுப் படித்தேன். பதில் சொல்ல ஆள் இல்லை. "ஃப்ளாப்ஸ்?" என்றேன். அத்தை, "ஆமாம்மா" என்றார். "லேண்டிங் கியர்?" "ஆமாம்மா." சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

கடைசிக் கொஞ்ச உயரம் கையால்தான் ஓட்டவேண்டும் என்பது உங்கள் இன்னொரு சட்டம். ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டேன். சிங்கப்பூர் ஓடுபாதை ஆடிக்கொண்டே பெரிதாகியது. "ரெண்டு ரெண்டுங்க" என்றேன் பழக்கதோஷத்தில். பிறகு, "மூணு சிவப்புங்க." பிறகு நாலும் சிவப்பு. "ஏத்துங்க, ஏத்துங்க" என்று கத்தினேன். விமானம் ஏறவில்லை. கீழேதான் போனது.

"நீதானே புடிச்சிருக்கே," என்றார் அத்தை. "நீ ஏத்து."

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். இழுத்தேன். ஒரு சிவப்பு வெள்ளையானது, இன்னொன்றும் ஆனது. தரை தொட்டபோது ஒரு தடவை எகிறி, மறுபடி விழுந்து, கோணலாக ஓடி, புல்தரைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. நீங்கள் பார்த்திருந்தால் மாட்டுவண்டி என்று கேலி செய்திருப்பீர்கள். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இன்ஜினை முறைப்படி அணைத்தேன். பிறகு கம்ப்யூட்டரை அணைத்தேன். ஃபேன் நின்றதும் அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. கைப்பிடியில் தலையை வைத்துக்கொண்டு, உங்களை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு அழாத அழுகையெல்லாம் அழுதேன். அத்தை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இறங்கினால் போன் செய்யவேண்டும் அல்லவா? நிலாவுக்குச் செய்தேன். வேலைக்கு நடுவில் எடுத்தாள். "இறக்கிட்டேன்டி" என்றேன். "சித்தப்பா வந்துட்டாரா சித்தி?" என்றாள்.

"வந்துட்டாருடி. கொஞ்சம் லேட்டு" என்றேன்.

நேற்று திரைகளையும் கம்ப்யூட்டரையும் உங்கள் சிநேகிதர் ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போனார், பத்திரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்லி. சீட்டுகள் கூடத்தில் இருக்கின்றன. உங்கள் அண்ணன் மூட்டைகளை அடுக்கிவிட்டார். ரூமில் இப்போது ஈரநெல் வாசனை. எனக்கு அது பிடிக்கத்தான் செய்கிறது.

நான் பையைக் கட்டிவிட்டேன். அக்காவிடம் ஒரு ராத்திரிக்கு இல்லை, அவள் எழுந்து நடக்கிறவரைக்கும் என்று சொல்லியிருக்கிறேன். அவளும் கொஞ்சம் திட்டிவிட்டு அழுதாள். கரண்ட் போனால் போகட்டும். வீட்டு மெயினையே அணைத்துவிட்டுத்தான் போகப்போகிறேன்.

சாவு விழுந்த வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதுதான் நம் பக்கத்து வழக்கம். ஒரு வருஷமாக இந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டு எழுந்து போனார்கள். இனிமேல் இது சாவு வீடு இல்லை. நான் சொல்லிக்கொண்டுதான் கிளம்புகிறேன், திரும்பியும் வருவேன்.

போயிட்டு வரேங்க.

இப்படிக்கு,
உங்கள் மனைவி, வலது சீட்டிலிருந்து இடது சீட்டுக்கு மாறிய
தேவகி