தண்ணி ஊத்தினா போதும்

மகனுக்கு அம்மா எழுதுவது.

சுகமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. போன் உன் அப்பாவின் சட்டைப்பையிலேயே கிடக்கிறது. நான் பேசினால் சார்ஜ் இறங்கிவிடுமாம். அதனால்தான் கடிதம்.

தினமும் சாயங்காலம் கரண்ட் போய்விடுகிறது, போன் அணைந்துவிடுகிறது, நீ கூப்பிட்டால் தெரிவதில்லை என்று போன முறை பேசியபோது அப்பா உன்னிடம் புலம்பினார். உனக்கு என்ன அவசரமோ, "ரெண்டு தகரத்த வெச்சு தண்ணி ஊத்தினா போதும்பா, பேட்டரி ரெடி" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாய். நீ வாய்க்கு வந்ததைச் சொன்னாய். அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

என் குளியலறை வாளி போயிற்று. துத்தநாகம் பூசிய வாளியாம். பட்டை பட்டையாக வெட்டிவிட்டார். ஓடாத மின்விசிறியைப் பிரித்து, செம்புக் கம்பியை உருவி, உப்புத்தாளால் தேய்த்தார். வீட்டு டம்ளர்கள் எல்லாம் உப்புத் தண்ணீரோடு ஜன்னலோரம் நிற்கின்றன. நாங்கள் கிண்ணத்தில் தண்ணீர் குடிக்கிறோம். ஒரு மிளகளவு பல்பு எரிந்தது, இல்லை என்று சொல்லவில்லை. போனில்தான் சார்ஜ் ஏறவில்லை. தண்ணீரா கரண்ட் தருகிறது? பட்டைதான் அரித்துப் போகிறது. அரித்ததும் மறுபடி வெட்ட உட்கார்ந்துவிடுகிறார்.

அப்படி வெட்டும்போதுதான் தகர விளிம்பு வலது கை விரலைக் கிழித்தது. அவருக்குச் சர்க்கரை உண்டு, மறந்திருந்தால் ஞாபகப்படுத்திக்கொள். புண் ஆறவில்லை. இனித் தகரத்தைத் தொட்டால் விரலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் கண்டித்துவிட்டார். "அவன் விளையாட்டுக்குச் சொன்னான்" என்று நான் கத்தினேன். "அவன் என்கிட்ட விளையாட மாட்டான்" என்றார். கட்டுப் போட்ட கையோடு அடுத்த வாளியைத் தேடுகிறார்.

எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு டம்ளர்களை எல்லாம் தூக்கி எறியப் போனேன். குறுக்கே நின்றுவிட்டார். உன் மேல் வருகிற கோபம் அதைவிடப் பெரிது. மாதக்கணக்கில் கூப்பிடாதவனுக்காக ஒரு மனிதன் விரலைக் கொடுப்பானா?

சாயங்காலம் வேண்டாம், காலையில் கூப்பிடு. விளையாட்டுக்குச் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. போதும்பா, நிறுத்துங்க என்று சொல். உன் வாயால் சொன்னால் கேட்பார்.

நன்றாக இரு. கட்டுப் போட்ட கையால் பையிலிருந்து போனை எடுக்க அவருக்குக் கொஞ்சம் நேரமாகும். அதற்குள் வைத்துவிடாதே.

அம்மா