உன் தங்கை சாஃப்ட்வேர் தேர்ந்தெடுத்த விதம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். என் கண்ணுக்குச் சொட்டு மருந்து இன்னும் இரண்டு வாரம் விடவேண்டும், மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. நீயும் மருமகளும் நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்திருக்கிறேன், அப்படியே இருங்கள். கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். நம் வீட்டில் போனில் பேசினால் மூன்று அறைக்கும் கேட்கும், நான் சொல்லப்போவது உன் தங்கை காதில் விழக்கூடாது. நீங்கள் இருவரும் பேசி ஒரு மாதமாகிறது. நீ கூப்பிடும் நேரம் பார்த்து அவள் குளிக்கப் போய்விடுகிறாள், ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பாள், நீயும் அவளிடம் கொடு என்று கேட்பதில்லை. நடுவில் நானும் அப்பாவும் இரண்டு பக்கமும் பூசி மெழுகிக்கொண்டிருக்கிறோம்.

பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டதும் நீதான் புதியது வாங்க ஏற்பாடு செய்தாய், அங்கே இருந்தபடியே நெட் வழியாக அதைத் திறந்து எல்லாவற்றையும் சரிசெய்தும் கொடுத்தாய், அதில் எங்களுக்கு எவ்வளவு பெருமை என்று சொல்லி முடியாது. டைப் அடிக்க எந்த சாஃப்ட்வேர் வைப்பது என்பதில்தான் வினை வந்தது. மூன்று சாஃப்ட்வேரையாவது போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றாள் அவள். ஊரெல்லாம் வைத்திருப்பதை வைத்துக்கொள், டைப் அடிக்கிறவளுக்கு எதற்கு இத்தனை ஆராய்ச்சி என்றாய் நீ. உனக்கு அது வாய் தவறி வந்த வார்த்தை, அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. இரண்டு தெரு தள்ளியிருக்கிற காலேஜில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் தீசிஸை டைப் அடிக்க வேறெங்கும் கொடுக்காமல் நம் வாசல்படி ஏறுகிறார்கள், அது சும்மா வந்த பெயர் இல்லை.

அவள் பார்த்த ஆராய்ச்சியைக் கேள். பூச்சி மேடம் என்று ஒருவர் வருகிறார், ஆறு வருடமாக இலையைத் தின்னும் பூச்சிகளோடுதான் குடித்தனம். அவருடைய தீசிஸ் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை, காலடியில் குறிப்புகள். அதோடு அவருக்கு ஒரு வழக்கம், பத்து வரிக்கு ஒருமுறை பக்கம் 143 பார்க்க, பக்கம் 87 பார்க்க என்று தானே எண்ணைப் போட்டுவிடுவார். ஒரு பக்கம் நகர்ந்தால் அத்தனை எண்ணும் பொய்யாகிவிடும். உன் தங்கை அதிலேயே ஆகக் கஷ்டமான பதினொரு பக்கங்களைப் பொறுக்கி எடுத்து, மூன்று சாஃப்ட்வேரிலும் திறந்து, தனித்தனியாக பிரிண்ட் போட்டாள். பழைய கம்ப்யூட்டரில் எடுத்த பிரிண்டின்மேல் புதியதை வைத்து, இரண்டையும் சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். எழுத்தின்மேல் எழுத்து போய் உட்கார்ந்தால் பாஸ், நிழல்போல் விலகித் தெரிந்தால் ஃபெயில். இப்படி ஒரு பரீட்சையை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. நான் காய் நறுக்குவதை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன், என் வயிற்றிலா இவள் பிறந்தாள் என்று இருந்தது.

நீ சொன்ன சாஃப்ட்வேரை அவள் ஓரவஞ்சனையாகப் பார்த்தாள் என்று நினைக்காதே. சில கைடுகள் ஃபைலிலேயே ஓரத்தில் எழுதும் குறிப்புகளைக் காட்டுவதில் அதை அடிக்க ஆளில்லை என்று தன் நோட்டில் முதல் வரியாக எழுதினாள், நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் காலடிக் குறிப்பு அதிகமுள்ள பக்கங்களில் அதில் வரிகள் கீழே இறங்கிவிட்டன. நெட்டில் திறக்கிற இரண்டாவது, நெட் போனதும் அம்போ என்று விட்டுவிட்டது. மூன்றாவது யாரோ பல பேர் சேர்ந்து இலவசமாகச் செய்து கொடுப்பதாம், பழைய கம்ப்யூட்டரில் இருந்ததும் அதேதான். பார்க்க ஒன்றும் லட்சணமில்லை, தமிழில் எதை அடித்தாலும் தப்பென்று சிவப்புக் கோடு வேறு போட்டது. அப்பா தன் பெயரை அடித்துப் பார்த்தார், அதற்கும் கோடு. அறுபத்தாறு வருஷமா இந்தப் பேர்லதான் இருக்கேன், இதுக்குப் பிடிக்கலையாம் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். அவள் ஏதோ செய்து கோட்டை நிறுத்தினாள். பதினொரு பக்கமும் அதில் அச்சு அசலாக உட்கார்ந்தன, அதையே வைத்துக்கொண்டாள்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாத விஷயம். அவள் என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று மத்தியானம், நீ அங்கிருந்தே நம் கம்ப்யூட்டரைத் திறந்து, ஒரு வருஷச் சந்தா கட்டி, உன் சாஃப்ட்வேரை ஏற்றிவைத்தாய். ஃபைலைத் தொட்டால் அதிலேயே திறக்கும்படியும் செய்துவிட்டாய். தங்கைக்கு ஒரு பரிசாக இருக்கட்டும் என்றுதான் செய்தாய், அது எனக்குத் தெரியாதா. கைடு சிவப்பு மையில் எழுதும் திருத்தங்களை ஏற்றுவது அப்பா வேலை. அன்று வீட்டில் தனியாக இருந்தவர் பூச்சி மேடம் ஃபைலைத் திறந்தார். திரை வேறு மாதிரி இருந்ததாம், புதுசாக்கியிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாராம். அது என்னென்னவோ கேட்டிருக்கிறது. எது கேட்டாலும் சரி என்பதை அமுக்குவதுதான் உன் அப்பா வழக்கம், கல்யாணமான நாளிலிருந்து என்னிடமும் அப்படித்தான். எழுபத்து நாலு திருத்தத்தையும் ஒன்று விடாமல் போட்டு, சேமித்து, நாங்கள் வந்ததும் முடித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குள் பைண்டிங் கடையில் கொடுக்கவேண்டும், அதற்கு அடுத்த நாள் காலேஜில் கடைசித் தேதி, தவறினால் மேடத்துக்கு இன்னும் ஒரு வருடம். காலையில் பிரிண்ட் போட உட்கார்ந்தவளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் இருநூற்றுப் பத்தொன்பதாகி நின்றது. பழைய சாஃப்ட்வேரில் திறந்து பார்த்தாள், இடம் மாறிப்போன வரிகள் பழையபடி வரவில்லை. அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. நானே கெடுத்துட்டேனே என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நீங்க ஒண்ணும் பண்ணலப்பா, நேத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புற வரைக்குமான காப்பி பென் டிரைவ்ல இருக்கு, ஒரு டம்ளர் தண்ணி மட்டும் கொண்டாங்க என்றாள். பிறகு எழுபத்து நாலு திருத்தத்தையும் முதலிலிருந்து போட்டாள். ஒரு கண்ணில் கட்டோடு நான் சிவப்பு எழுத்தைப் படித்தேன், அவள் அடித்தாள், அப்பா பக்கம் பார்க்க என்று வந்த இடத்தையெல்லாம் புரட்டிச் சரிபார்த்தார். அவள் சாப்பிடவும் எழவில்லை. மூன்றே முக்காலுக்கு அப்பா தாள் கட்டை அணைத்துக்கொண்டு பைண்டிங் கடைக்கு ஓடினார். பூச்சி மேடத்துக்கு இன்றுவரை எதுவும் தெரியாது, வாங்கிப் பார்த்துவிட்டு எவ்வளவு சுத்தமான வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். இவள் சிரித்தாள், அவ்வளவுதான்.

உன் மேல் எனக்குக் கோபம் வந்தது நிஜம். போனை எடுத்து நாலு வார்த்தை கேட்கத்தான் போனேன். அவள் என் கையிலிருந்து அதை வாங்கி வைத்துவிட்டாள், இது அண்ணனுக்குத் தெரியவே கூடாது என்றாள். உன் சாஃப்ட்வேரையும் அவள் எடுத்துப் போடவில்லை, கைடு குறிப்புகளைப் படிக்கும்போது அதைத்தான் திறக்கிறாள். அவன் பேசின பேச்சுக்கு நீ எதற்கு அவனைக் காப்பாற்றுகிறாய் என்று கேட்டேன். அவள் சொன்னது இது. "சொன்னா பயந்துக்குவாம்மா. இனிமே நம்ம வீட்டுல எதையும் தொடமாட்டான். அவ்வளவு தூரத்துல இருக்கிறவன், நமக்குன்னு செய்யறதுக்கு அவன்கிட்ட வேற என்ன இருக்கு?"

சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள், அதை மீறித்தான் எழுதுகிறேன், நீ தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. நீ மனம் உடைந்து போகவும் வேண்டாம், உன்னைக் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. இப்படி ஒரு தங்கை உனக்கு இருக்கிறாள் என்று உனக்குத் தெரியவேண்டும், அதற்காகத்தான். நீங்கள் இருவரும் நீடூழி வாழவேண்டும், மருமகளுக்கு என் ஆசி, குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் தங்கைக்கு இங்கே சாயங்காலம் நாலரை மணிக்கு வேலை முடியும், என் போனில் கூப்பிடாமல் அவள் நம்பரிலேயே கூப்பிடு. இதைப் பற்றி எதுவும் பேசாதே, கம்ப்யூட்டரில் உனக்கு ஒரு சந்தேகம் என்று அவளிடம் கேள்.

உன் குரலுக்கு அவளுக்கும் சேர்த்துக் காத்திருக்கும்,
அம்மா