ஜூலிக்கு நான் போட்ட கையெழுத்து

வேப்பெண்ணெய் வாசம் நேற்று சாயங்காலத்திலிருந்து வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. தெருமுனையில் திரியும் வெள்ளை நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் முடிந்து, நம் வீட்டு மாடிப்படிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுக்க வைத்திருக்கிறேன். ஈ அண்டாமல் இருக்கத் தையலைச் சுற்றிலும் தடவிவிட்டேன். இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மோர்ச்சோற்றில் கை வைத்தால் விரலில் அதே வாசம். ஒரு காலத்தில் பத்து நாள் உங்கள் விரலில் அடித்த வாசம். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போய் நான்கு வருஷம் ஆகிறது. படத்துக்குப் பூ வைக்கிறேனே தவிர, உங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இருந்தபோது பேசியதே போதும் என்று இருந்துவிட்டேன். அதிலும் நம் நாய் ஜூலிக்காக நாம் போட்ட சண்டை இருக்கிறதே, ஆவடி குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டார் ரேடியோவைக் குறைத்து வைத்துக்கொண்டு கேட்ட சண்டை அது.

எண்பதுகளின் கடைசி. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். ஃபேக்டரியிலிருந்து திரும்பும்போது, சைக்கிளில் மாட்டிய சாப்பாட்டுப் பைக்குள் வைத்து ஜூலியைக் கொண்டுவந்தீர்கள். செவலை நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். ஏழு மாதம் ஆனபோது வெறிநாய்க்கடி ஊசி போட வந்த டாக்டர் சொன்னார்: "பருவத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே ஆபரேஷன் பண்ணிடுங்க சார். அதுக்கும் நல்லது, உங்களுக்கும் நிம்மதி." அவர் வாசல் தாண்டும்வரை தலையாட்டினீர்கள். தாண்டியதும் என் பக்கம் திரும்பினீர்கள்.

"ஒரு தரமாவது குட்டி போடட்டும்ட்டி. பொட்டையாப் பொறந்துட்டு ஒரு குட்டிகூடப் பாக்காமப் போனா, அது பாவம் நம்மள சும்மா விடாது."

பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் நாலு மாடு கட்டிய வீட்டில் பிறந்தவர் நீங்கள். மாட்டு நியாயத்தை நாய்க்கும் கொண்டுவந்துவிட்டீர்கள். எனக்கும் அப்போது விவரம் போதாது, சரி என்று விட்டுவிட்டேன்.

பருவம் வந்தது. ரத்தம் பட்ட அன்றைக்கே அடுப்படி காலண்டரில் சிவப்பு மையால் புள்ளி வைத்தீர்கள். மெஷினுக்கு எண்ணெய் போட்ட தேதியைக் குறிக்கிற கை அல்லவா! பத்து நாள் ஜூலியை வீட்டுக்குள்ளேயே வைத்துக் காவல் காத்தோம். ரத்தம் நின்றதும், "நின்னுட்டு. இனி பயமில்ல" என்று அறிவித்தீர்கள். நின்ற பிறகுதான் பயமே என்பது நமக்குத் தெரியாது. மறுநாள் ஆயுதபூஜை. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் வீட்டு ஜனங்களை ஃபேக்டரிக்குள் விடுவார்கள். மொத்தக் குவார்ட்டர்ஸும் புதுத்துணி உடுத்திக் கிளம்பியது. நாமும் ஜூலியைக் கொல்லையில் கட்டிவிட்டுப் போய், சந்தனம் பூசிய உங்கள் மெஷினைப் பார்த்து, பொரியும் பழமும் வாங்கிக்கொண்டு மதியம் திரும்பினோம். கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. அரை மைலுக்குள் இருந்த ஆண்நாய்களுக்கெல்லாம் அன்றைக்கு நம் வீட்டில்தான் பூஜை நடந்திருக்கிறது.

மார்கழி மழையில் ஆறு குட்டிகள். உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஷிஃப்டில் இருந்த எல்லாரிடமும் சொன்னீர்கள். ஆண்குட்டிகள் நான்கையும் நான் முந்தி நீ முந்தி என்று வந்து வாங்கிப் போனார்கள். பெண்குட்டி இரண்டையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்று மழைக்குளிரில் போய்விட்டது. கருப்பாக இருந்த மற்றதை மூன்றாவது தெரு ஃபிட்டர் வீட்டில் கேட்டார்கள். அந்த மனிதர் பங்குனியில் ரிட்டயர் ஆகப்போகிறார் என்று எனக்குத் தெரியும். "ஊருக்குக் கொண்டுபோவாகளா?" என்றேன். "பிள்ளைங்க ஆசையாக் கேக்குதுங்க, விட்டுட்டா போவாக?" என்றீர்கள்.

அவரை மாலை போட்டு, ஜீப்பில் ஏற்றி, பறை கொட்டி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். குட்டி ஜீப்புக்கு முன்னால் ஓடியதை நாம் இரண்டுபேரும் பார்த்தோம். அதே வாரம் லாரி வந்தது. கட்டில், பீரோ, துளசித்தொட்டிகூட ஏறியது. நான்கு நாள் கழித்து ரேஷன் கடையிலிருந்து அந்தத் தெரு வழியாக வந்தேன். பூட்டின கதவுக்கு முன்னால் அது படுத்திருந்தது. எழுந்து வாலாட்டக்கூடத் தெம்பில்லை. அரிசிப் பையை அங்கேயே வைத்துவிட்டு, முந்தானையில் சுற்றி எடுத்துவந்தேன். இரண்டு நாள் ஜூலி அதை நக்கிக்கொண்டே கிடந்தாள். மூன்றாம் நாள் அது செத்துப்போனது. கொல்லையில் குழி வெட்டினது நீங்கள்தான்.

மண்வெட்டியைக் கழுவும்போதே சொன்னேன்: "அடுத்த பருவம் வர்றதுக்குள்ள ஆபரேஷன்."

"கத்தியா? வாயில்லாச் சீவனுக்கா?" என்றீர்கள். "அதுகிட்டக் கேக்காம வயித்தக் கிழிக்க நாம யாரு?"

எங்கிருந்துதான் வந்ததோ எனக்கு அந்தக் கோபம்.

"எனக்கு வாய் இருந்துச்சுல்லா? என்னைய யாரு கேட்டா?"

நீங்கள் கழுவின மண்வெட்டியையே மறுபடி கழுவினீர்கள். சின்னவன் பிறந்த மறுநாள், ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் நீட்டிய என் ஆபரேஷன் தாளைச் சைக்கிள் சீட்டின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டீர்கள். இரண்டு போதும் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் வார்டுக்குள் வந்து என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கையெழுத்துப் போட்ட கையோடு இரண்டாம் ஷிஃப்டுக்குப் போய்விட்டீர்கள். எட்டு வருஷமாக நான் சொல்லாமல் வைத்திருந்தது ஒரு நாய்க்குட்டியைப் புதைத்த இடத்தில் வெளியே வந்தது.

அதன் பிறகும் நீங்கள் இழுத்தடித்தீர்கள். வெயில் தணியட்டும் என்றீர்கள், பிள்ளைகள் பரீட்சை முடியட்டும் என்றீர்கள். நான் காலண்டரை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். அடுத்த பருவத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. ஒரு புதன்கிழமை காலை, ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு உங்களை எழுப்பினேன். "வாறீகளா, நான் மட்டும் போகட்டுமா?"

சட்டையை மாட்டிக்கொண்டு வந்தீர்கள். ஆட்டோக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இன்னாக்கா, நாய்க்குக் கூடவா குடும்பக் கட்டுப்பாடு? இன்னும் இன்னா இன்னாத்தான் பாக்கணுமோ! சார், நீ அத்த மடில வெச்சிகினு குந்து. குலுங்காம ஓட்டிகினு போறேன்."

பட்டணத்துப் பெரிய மாட்டாஸ்பத்திரி வரை நீங்கள் ஜூலியை மடியிலேயே வைத்திருந்தீர்கள். அங்கே இருந்த சின்ன வயசு டாக்டரம்மா, "இவ்ளோ லேட்டாவா கூட்டிட்டு வருவீங்க?" என்று கடிந்துகொண்டு தாளை நீட்டினார். நீங்கள் பேனாவைத் திறந்தீர்கள், மூடினீர்கள், மறுபடி திறந்தீர்கள். உங்கள் கையிலிருந்து அதைப் பிடுங்கி நான் கையெழுத்துப் போட்டேன். கல்யாணப் பதிவுக்கும் ரேஷன் கார்டுக்கும் நீங்கள் காட்டின இடத்தில் போட்டவள் நான். தானாக முடிவெடுத்துப் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

அடுத்த பத்து நாள் நீங்கள் லீவு. ஜூலிக்காக! கஞ்சி ஊற்றினீர்கள், தையலைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவினீர்கள், தையலை நக்காமல் இருக்க உங்கள் பழைய காக்கிச் சட்டையை அவள் வயிற்றில் சுற்றிப் பின்பக்கம் பொத்தான் போட்டீர்கள். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இப்போது சொல்வதற்கு என்ன வெட்கம்? எனக்கு ஒரு நாள்கூட லீவு போடாத மனிதர்.

மூன்றாம் நாள் மத்தியானம். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தரையில் உட்கார்ந்து, அவள் தலையை மடியில் வைத்திருந்தீர்கள். எழுந்திருக்கப் பார்த்தவள் வலியில் முனகினாள். நீங்கள் என் பக்கம் திரும்பாமலே கேட்டீர்கள்.

"ஒனக்கும் இப்படித்தான் வலிச்சுதா?"

"வலிச்சுது" என்றேன்.

தலையை ஆட்டினீர்கள். அன்றைக்குச் சோற்றை நீங்கள்தான் வடித்தீர்கள், குழைந்துபோனது. நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

ஜூலி அதற்குப் பிறகு பதினோரு வருஷம் நிம்மதியாக இருந்தாள். நீங்கள் ரிட்டயர் ஆனபோது ஜீப்பில் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். கோவில்பதாகையில் நாம் கட்டின இந்த வீட்டுக்கு லாரியில் முதலில் ஏறினதும் அவள்தான்.

இப்போது இந்தத் தெருவில் யார் வீட்டில் பெண்நாய் வளர்ந்தாலும் ஆபரேஷன் பண்ணச் சொல்லி நான் போய் நிற்கிறேன். எனக்குப் பின்னால் என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்றும் தெரியும், வைத்துக்கொள்ளட்டும். ஆண்கள்தான் அதிகம் தயங்குகிறார்கள். போன வாரம்கூட எதிர்வீட்டுக்காரர், "பாவம்மா, ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே" என்றார். அச்சு அசல் நீங்கள்தான். நான் அவரோடு வாதாடவில்லை. அவர் மனைவி வாசலில் நிற்கும்போதே கேட்டேன்: "உங்க வீட்டம்மாவுக்கு ஆபரேஷன் ஆனப்போ எத்தனை நாள் லீவு போட்டீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். அந்த அம்மாள் அவரைப் பார்த்தாள். பதிலுக்கு நான் அங்கே நிற்கவில்லை. அதை அவர் அவளிடம் சொல்லிக்கொள்ளட்டும். நீங்கள் எட்டு வருஷம் எடுத்துக்கொண்டீர்கள், ஆனாலும் என்னைக் கேட்டீர்கள்.